ஒன்றரை முழமும் ஒன்பது கஜமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவுடன் தேக்காவுக்குப் போயிருந்தேன். சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கினோம். பஃப்ளோ சாலையில் வாழையிலையும் இரண்டு முழம் மல்லிகையும் வாங்கினோம். சிராங்கூன் சாலைக் கடையொன்றில் ஒரு மணி நேரம் நின்று அக்கா ஒரே ஒரு சேலை எடுத்தார். பைகளைத் தூக்கிக்கொண்டு ஈசூனிலுள்ள அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

வீட்டுப்பாடம் இருக்கிறது என்று சொல்லி எங்களுடன் வராமல் தங்கிவிட்ட அக்கா மகன், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வந்து கையைப் பிடித்தான். உயர்நிலை இரண்டில் படிக்கிறான். "மாமா, ஒரு நிமிஷம் ரூமுக்கு வாங்க" என்றான். குரலில் இருந்த பதற்றத்தைப் பார்த்து, ஏதோ மதிப்பெண் விவகாரம் என்று நினைத்துப் போனேன்.

கதவைச் சாத்தினான். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு காலணிப் பெட்டியை இழுத்தான். மூடியில் காம்பஸ் முனையால் குத்திய துளைகள். மெல்லத் திறந்தான். உள்ளே, பழைய பள்ளிச் சட்டையின்மேல், விரல் பருமனில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. பழுப்பும் கறுப்பும் மஞ்சளுமாகப் பின்னல் போட்ட தோல். தலையின் நடுவே மெல்லிய கருங்கோடு.

"பயப்படாதீங்க மாமா. இது பைத்தான். விஷம் கிடையாது."

"எங்கடா கிடைச்சிச்சு மாப்பிள்ளை?"

"வியாழக்கிழமை பெரிய மழை பெய்ஞ்சுச்சுல்ல, நம்ம புளோக் பின்னாடி லோங்காங் ஓரமா கிடந்துச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் உயிரோட இருப்பேனா?"

நூலை வைத்து அளந்து பார்த்திருக்கிறான். 68 சென்டிமீட்டர். பூக்கடைக் கணக்கில் ஒன்றரை முழம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மீன் உருண்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தான். பாம்பு அதைச் சீண்டவே இல்லை.

"இது இவ்வளவுதான் மாமா. சின்னத் தொட்டியில வச்சா சின்னதாவே இருக்கும். நீங்க மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

எனக்குப் பாம்பைவிட அந்த வார்த்தைகள்தாம் திடுக்கிட வைத்தன. ஏனென்றால் அதே வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பேட்டைக் கடையொன்றில் சிவப்புக்காது ஆமைக் குட்டிகள் இரண்டை வாங்கிவந்தேன். ஒவ்வொன்றும் ஒரு வெள்ளி நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. "இவ்வளவுதான் வளரும்" என்றார் கடைக்காரர். அதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன். சில ஆண்டுகளில் ஒன்று கையளவிலேயே நின்றுவிட, மற்றது சோற்றுத்தட்டு அளவுக்கு வந்துவிட்டது. இரவெல்லாம் தொட்டியைச் சுரண்டும் சத்தம். இரண்டு நாள் தண்ணீர் மாற்றாவிட்டால் வீடே நாறும். தேசிய சேவைக்குப் போவதற்கு முந்திய வாரம் இரண்டையும் வாளியில் போட்டுக்கொண்டு போய் ஒரு பூங்காக் குளத்தில் விட்டேன். அவற்றுக்கு விடுதலை கொடுத்ததாக நண்பர்களிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன். இத்தனை காலம் இந்தப் பத்தியை எழுதியும் இதை உங்களிடம் சொன்னதில்லை.

அதனால் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. "ஒரு மணி நேரம் கொடு. இது எவ்வளவு பெரிசாகும்னு ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். அப்புறம் முடிவு செய்வோம்" என்றேன். பெட்டியை மூடினோம். சமையலறையில் அக்கா இறைச்சிக்கு மசாலா வதக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்தோம்.

முளையில் தெரியாத பயிர்

அவன் பெட்டியில் இருந்தது நம் ஊரின் சொந்தப் பாம்பு. வலைப்பின்னல் மலைப்பாம்பு. மலாய்க்காரர்கள் இதை 'ஊலார் சாவா பாத்திக்' என்கிறார்கள். அந்தத் தோலைப் பார்த்தவர்களுக்குப் பாத்திக் துணியின் பெயர் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவின் நிக்கோபார் தீவுகளிலிருந்து இந்தோனீசியா, பிலிப்பீன்ஸ் வரை இது வாழ்கிறது. சிங்கப்பூரில் காடு சுருங்கியபோதும் இது ஊரைவிட்டுப் போகவில்லை. கால்வாய்களையே சாலைகளாக்கிக்கொண்டு, எலிகளைத் தின்று நம்மோடு தங்கிவிட்டது. 2017ல் ஆர்ச்சர்ட் சாலையில் டாங் பிளாசா வாசலுக்கே ஒன்று வந்து நின்றது பலருக்கு நினைவிருக்கும்.

உலகிலேயே ஆக நீளமான பாம்பினம் இதுதான். இதைப் படித்ததும் மாப்பிள்ளை ஒருமுறை கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டான்.

மலைப்பாம்பு என்றாலே பெரிது என்று நினைக்கிறோம். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவின் கறையான் புற்றுகளில் வாழும் குட்டி மலைப்பாம்பு ஒன்று, முழுதாக வளர்ந்தாலும் 60 சென்டிமீட்டர்தான். அதாவது அந்த இனத்தில் பாட்டியே ஆனாலும், எங்கள் காலணிப் பெட்டிக் குழந்தையைவிடக் குட்டை. ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்தடி. தேக்காக் கடைவீடுகளின் அஞ்சடியில் குறுக்கே படுத்தால் அடங்கிவிடும். பாம்பு வளர்க்க அனுமதிக்கும் நாடுகளில் அதுதான் வீடுகளில் அதிகம் இருப்பதற்கு அந்த அளவும் ஒரு காரணம்.

வலைப்பின்னல் மலைப்பாம்பின் கதை வேறு. தெற்குச் சுமத்ராவில் தோல் வணிகத்துக்காகப் பிடிக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாம்புகளை ஆய்வாளர்கள் அளந்து எடை போட்டார்கள். நீளம் 1.5 மீட்டரிலிருந்து 6.5 மீட்டர் வரை. எடை 1 கிலோவிலிருந்து 75 கிலோ வரை. இளசும் முதிர்ந்ததும் கலந்த கணக்குதான். ஆனாலும் ஒரே பகுதியில், ஒரே இனத்தில் இவ்வளவு வித்தியாசம். மனிதர் கையில் வளர்ந்த பாம்புகளில் கின்னஸ் பதிவு பெற்றது 'மெடூசா' என்ற பெண். 2011 அக்டோபரில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் அதை அளந்தபோது 7.67 மீட்டர் இருந்தது. எடை 158.8 கிலோ. நம் கார் நிறுத்துமிடக் கட்டம் 4.8 மீட்டர் நீளம். மெடூசாவை நீட்டிப் படுக்கவைத்தால் ஒன்றரைக் கட்டத்துக்குமேல் வேண்டும்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம் வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்கள். மலைப்பாம்புக்கு அது பொருந்தாது. மெடூசாவும் ஒரு காலத்தில் ஒரு காலணிப் பெட்டியில் அடங்கியிருக்கும். அப்போது அதைப் பார்த்து இதுதான் சாதனை படைக்கும் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

யாருடைய பிள்ளை, எந்த ஊர்?

ஒரு குட்டி எவ்வளவு வளரும் என்பதை முடிவு செய்பவை எவை? முதலாவது, ஆணா பெண்ணா என்பது. மலைப்பாம்புகளிலும் போவாக்களிலும் பொதுவாகப் பெண்தான் பெரிது. காரணம் எளிமையானது. உடம்பு பெரிதாக இருந்தால் அதிக முட்டைகளைச் சுமக்கலாம். ஃபுளோரிடாவில் பிடிபட்ட ஒரு பர்மிய மலைப்பாம்பின் வயிற்றில் வளர்ந்துவந்த முட்டைகள் 122. அந்தப் பாம்பு 98 கிலோ எடை, 18 அடி நீளம். 18 அடி என்பது சரியாக ஆறு கஜம். அக்கா அன்று காலையில் எடுத்துவந்த சேலையின் நீளம். குட்டியாக இருக்கும்போது ஆண், பெண் என்று பார்த்துச் சொல்ல இயலாது. பழகிய கை தேவை. ஆமைக் குட்டிகளிலும் இதே கதைதான். சோற்றுத்தட்டு அளவுக்கு வளர்ந்த என் ஆமை பெண் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

இரண்டாவது, எந்த ஊர் வம்சம் என்பது. சுலாவேசிக்குத் தெற்கே தானாஜம்பியா என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்கு வாழும் வலைப்பின்னல் மலைப்பாம்புகள் இரண்டு மீட்டரை அதிகம் தாண்டுவதில்லை என்று 2002ல் அவற்றைத் தனித் துணையினமாக விவரித்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். அருகிலுள்ள செலாயார் தீவில் இருப்பவை நான்கு மீட்டர் வரை வளர்பவை. பெயர் ஒன்று, தோல் ஒன்று, உடம்பு மட்டும் வேறு.

போவாக்களிலும் இப்படித்தான். மத்திய அமெரிக்காவின் பெருநிலத்தில் இருக்கும் போவா சாதாரணமாக இரண்டு, மூன்று மீட்டர் வளரும். பெலீஸ் நாட்டின் கடற்கரைக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் தீவுகளில் அதே போவா ஒல்லியாக, குட்டையாக இருக்கிறது. அங்கு பெரிய இரை கிடையாது. மரத்தில் ஏறி, வலசை வரும் பறவைகளைப் பிடித்துத்தான் வயிற்றைக் கழுவ வேண்டும். அப்படியானால் சாப்பாட்டுப் பஞ்சம்தான் காரணமா? ஆய்வாளர்கள் தீவுக் குட்டிகளையும் பெருநிலக் குட்டிகளையும் ஒரே மாதிரிச் சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் தீவுக் குட்டிகள் சிறியவையாகவே இருந்தன. தலைமுறை தலைமுறையாகத் தீவில் வாழ்ந்ததில் குட்டை உடம்பு அவற்றின் இரத்தத்திலேயே ஊறிவிட்டது.

ஆகவே 'போவா' என்ற ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு குட்டிகளில் ஒன்று நாலு முழ வேட்டி அளவோடு நின்றுவிடும். மற்றது எட்டு முழத்தை எட்டிப் பார்க்கும். தீவு வம்சத்தையும் பெருநில வம்சத்தையும் கலந்து இனப்பெருக்கம் செய்து, "இது சின்னதாகவே இருக்கும்" என்று விற்பவர்களும் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். கலப்பில் பிறந்த குட்டி அம்மாவைக் கொள்ளுமா அப்பாவைக் கொள்ளுமா என்பதற்கு அவர்களாலேயே உத்தரவாதம் தர முடியாது.

மூன்றாவது காரணம் என்னைச் சற்று யோசிக்க வைத்தது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு அருகிலுள்ள வெள்ளச் சமவெளியில் நீர் மலைப்பாம்புகளைத் தாமஸ் மேட்சன், ரிச்சர்ட் ஷைன் என்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அங்கு சில ஆண்டுகளில் எலிகள் பெருகும், சில ஆண்டுகளில் குறையும். எலி நிறைந்த ஆண்டில் பிறந்த குட்டிகள் முதல் ஆண்டில் வேகமாக வளர்ந்தன. அதில் வியப்பில்லை. ஆனால் பின்னர் எல்லாருக்கும் ஒரே அளவு உணவு கிடைத்த ஆண்டுகளிலும் அவையே மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன. பிறந்த ஆண்டில் கிடைத்த சாப்பாடு, வாழ்நாள் முழுக்கக் கூடவே வந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் முதல் ஆண்டைப் பற்றி நம் பாட்டிமார் ஏன் அவ்வளவு கவலைப்பட்டார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"அப்படின்னா கம்மியா சாப்பாடு போட்டா சின்னதா இருக்கும்ல?" என்று உடனே கேட்டான் மாப்பிள்ளை. இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும்.

தொட்டி சின்னதாக இருந்தால் பாம்பும் சின்னதாக இருக்கும் என்பது வெறும் கட்டுக்கதை. பாம்பு தொட்டியை அளந்து பார்த்து வளர்வதில்லை. தீனியைக் குறைத்தால் வளர்ச்சி குறையும் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பெயர் பட்டினி. தீவுப் பாம்பு சிறியதாக இருப்பது அதன் இயல்பு. பெரிதாக வளர வேண்டிய பாம்பைச் சிறியதாக வைத்திருப்பது நம் வசதிக்காக நாம் செய்யும் கொடுமை. "உன்னோட சட்டை அளவு மாறாம இருக்கணும்னு அம்மா உனக்குச் சோறு போடாம இருந்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

மறுபக்கத்தையும் காட்டினேன். தீனி கொட்டிக் கொட்டி வளர்க்கப்பட்ட பாம்பு 'பேபி'. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பர்மிய மலைப்பாம்பு. எடை சுமார் 183 கிலோ. நீளம் 27 அடி என்று விளம்பரம் செய்தார்கள். 27 அடி என்றால் ஒன்பது கஜம். நம் பாட்டிமார் கட்டிய மடிசார்ச் சேலை நீளம். அது இறந்த பிறகு ஒழுங்காக அளந்து பார்த்தார்கள். 5.74 மீட்டர்தான். ஆறு கஜத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவே. விளம்பரத்தில் மூன்று கஜம் கூடியிருக்கிறது. பிட்ஸ்பர்க் விலங்குத் தோட்டத்தில் இருந்த 'கொலோசஸ்' கதையும் இதேதான். ஏறத்தாழ 8.7 மீட்டர் என்று புத்தகங்களில் பல காலம் இருந்தது. மறுபடி சரிபார்த்ததில் 6.35 மீட்டர் என்று வந்தது.

உயிருள்ள மலைப்பாம்பை நேராக நீட்டிப் பிடிப்பது லேசான காரியமில்லை. மெடூசாவைப் பிடித்து அளக்கப் பதினைந்து ஆட்கள் தேவைப்பட்டார்கள். உரித்துப் பதப்படுத்திய தோலோ இழுத்த இழுப்புக்கு நீளும். பாம்பு தானாகக் கழற்றிப் போடும் சட்டையும் பாம்பைவிட நீளமாகத்தான் இருக்கும். முப்பதடிப் பாம்பை உயிரோடு கொண்டுவருபவருக்குப் பரிசு என்று நியூயார்க் விலங்கியல் சங்கம் அறிவித்தது. ஆயிரம் அமெரிக்க டாலரில் தொடங்கிய தொகை ஐம்பதாயிரம் வரை உயர்ந்தது. கடைசிவரை யாரும் வந்து வாங்கவில்லை. விற்கும்போது பாம்பு சுருங்கிவிடுகிறது, பெருமை பேசும்போது நீண்டுவிடுகிறது.

வடிவேலும் மாசியும் போன தூரம்

"வளர்ந்தா என்ன மாமா? பெரிசானதும் காட்டுல விட்டுடலாம்."

அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. வாளியோடு குளத்தங்கரையில் நின்ற பையன் நினைவுக்கு வந்தான்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பலர் அப்படித்தான் விட்டார்கள். 1996லிருந்து 2006க்குள் மட்டும் ஏறத்தாழ 99,000 பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவுக்குள் இறக்குமதியாயின. கையில் சுற்றிக்கொள்ளும் குட்டியாகத்தான் எல்லாரும் வாங்கினார்கள். வளர்த்தவர்கள் விட்டவையும் தப்பியவையும் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகின. 2012ல் வெளிவந்த ஆய்வு ஒன்றின்படி, மலைப்பாம்புகள் நெடுங்காலம் இருந்த பகுதிகளில் ரக்கூன்களைக் காண்பது 99 விழுக்காட்டுக்குமேல் குறைந்துவிட்டது. அதே ஆண்டில் அமெரிக்க அரசு பர்மிய மலைப்பாம்பு இறக்குமதியைத் தடை செய்தது. அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது.

யாரைக் கூப்பிடுவது? 2017 ஜனவரியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் தமிழ்நாட்டிலிருந்து இருவரை அழைத்தது. வடிவேல் கோபால், மாசி சடையன். இருளர்கள். செங்கல்பட்டுப் பகுதியில், 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுவது அவர்களின் தொழில். அந்த நாட்டு மொழி தெரியாது. பர்மிய மலைப்பாம்பும் அதற்குமுன் அவர்கள் பிடித்துப் பழகியதில்லை. ஆனால் மண்ணில் படிந்த தடத்தையும் புல் சாய்ந்திருக்கும் விதத்தையும் பார்த்துப் பாம்பு எந்தப் பக்கம் போனது என்று படிக்கத் தெரியும். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று பதினாறடிப் பெண். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மாப்பிள்ளைக்கு ஒரே பெருமை. "நம்ம ஆளுங்களா மாமா?" என்று இரண்டு முறை கேட்டான். எனக்கும் பெருமைதான். ஆனால் இன்னொன்றும் தோன்றியது. யாரோ ஒருவர் வீட்டில் "இது இவ்வளவுதான் வளரும்" என்று சொன்னதன் விலையைத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் போய்ச் சுமந்தார்கள். பிடிபட்ட அந்தப் பாம்புகளும் எந்தத் தவறும் செய்யவில்லை. வளர வேண்டிய அளவுக்கு வளர்ந்தன, அவ்வளவுதான்.

எங்கள் பாம்பு இந்த ஊர்ப் பாம்புதானே, இங்கேயே விட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதை எங்கே, எப்படி விடுவது என்பது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் வைத்துக்கொள்வதோ சட்டப்படி குற்றம். சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதியில்லை. ஊர்வனவற்றில் வீட்டில் வளர்க்க அனுமதிக்கப்பட்டவை இரண்டு ஆமை இனங்கள் மட்டும்: சிவப்புக்காது ஆமையும் மலாயாப் பெட்டி ஆமையும். அவற்றையும் குளத்தில் கொண்டுபோய் விடக்கூடாது. இதை நான் எழுதுவதில் உள்ள வேடிக்கை எனக்கும் தெரிகிறது.

சட்டத்தைவிட மாப்பிள்ளையை அசைத்தது வேறொரு செய்தி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குத் தோட்டத்தில் ஒரு பந்து மலைப்பாம்பு இருந்தது. 1961ல் அதை வளர்த்த ஒருவர் தோட்டத்தில் ஒப்படைத்தார். 2020ல், ஏறத்தாழ 62 வயதில், அது ஏழு முட்டைகள் இட்டது. அது அஞ்சடியில் அடங்கும் சின்ன இனம்தான். "நீ எஸ்எம் போகணும், என்எஸ் போகணும், வேலைக்குப் போகணும், கல்யாணம் பண்ணணும். அதுவரைக்கும், அதுக்கப்புறமும் இது கட்டிலுக்கு அடியில இருக்குமா?" என்றேன். எவ்வளவு நீளம் வளரும் என்று கேட்கிறோம். எவ்வளவு காலம் வாழும் என்று யாரும் கேட்பதில்லை.

அவன் நெடுநேரம் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "அம்மாகிட்ட நானே சொல்றேன்" என்றான்.

சொன்னான். அக்கா கத்துவார் என்று இருவரும் காதைப் பொத்தத் தயாராக இருந்தோம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு நாளா."

"மூணு நாளா அந்த ரூமுல உட்கார்ந்து நான் துணி மடிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து, "மீன் உருண்டை ஏன் குறையுதுன்னு இப்பத்தான் புரியுது" என்றார். அதன்பின் அவரே என் கைப்பேசியை எடுத்துத் தேசியப் பூங்காக் கழகத்தின் எண்ணை அழுத்தச் சொன்னார்.

அதிகாரிகள் வந்தார்கள். பையனைக் குற்றவாளிபோல் நடத்தவில்லை. எங்கே, எப்போது கண்டான் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பாம்பைத் துணிப்பைக்குள் பத்திரமாக எடுத்துக்கொண்டார்கள். அது எவ்வளவு பெரிதாகும் என்று மாப்பிள்ளை அவர்களிடமும் கேட்டான். ஒருவர் சிரித்துக்கொண்டே, அது தெரிந்தால் தங்களுக்கும் சொல்லும்படி சொன்னார்.

உங்கள் வீட்டருகே மலைப்பாம்பைக் கண்டால் செய்ய வேண்டியது அதிகமில்லை. நெருங்காதீர்கள், சீண்டாதீர்கள், மூலையில் மடக்காதீர்கள். அது போக வழிவிடுங்கள். நாய், பூனையைக் கையோடு பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் 1800-476-1600 என்ற எண்ணை அழையுங்கள். எங்கள் மாப்பிள்ளையைப்போல் கையால் மட்டும் எடுக்காதீர்கள். அவனுக்கு இனம் சரியாகத் தெரிந்திருந்தது அதிர்ஷ்டம்.

அடுத்த வாரம் அவன் குறிப்பேட்டைப் பார்த்தேன். தேதி, இடம், நீளம் 68 சென்டிமீட்டர் என்று எழுதி, கீழே 'வளர்ந்தபின் நீளம்' என்று ஒரு கோடு போட்டு வெறுமையாக விட்டிருந்தான். அது வெறுமையாகவே இருக்கட்டும் என்றேன்.

அன்று மாலை அவனை அழைத்துக்கொண்டு அந்தப் பூங்காக் குளத்துக்குப் போனேன். தேசிய சேவைக்குப் போகும்முன் நான் வாளியோடு நின்ற அதே கரை. நீரில் சாய்ந்திருந்த மரக்கட்டையின்மேல் சிவப்புக்காது ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தான். பதினொன்று.

"இதுல உங்களோடது எது மாமா?"

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சில கையளவு, சில சோற்றுத்தட்டு அளவு. எனக்குத் தெரியவில்லை.